நடிகனும் உடையும்

சென்ற மாதம் ஒரு மாலை, தோட்ட அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நான் புறப்படும் வேளையில் ஓர் இளைஞன் வாயிலில் வந்து நின்றான். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். இடைநிலைக் கல்வியை முடித்தவன். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகங்களில் நல்ல பெயர் எடுத்தவன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். அதற்குச் செல்ல விரும்புகிறான். “அண்ணே, ஒரு 300 வெள்ளி கடனாக வேண்டும். அப்பா மாதாமாதம் கட்டிவிடுவார்” என்றான். எதற்கென்று கேட்டேன். “கோட்டு வாங்க” என்றான். “இந்தச் சட்டையோடு போனால் தோட்டத்துப் பையன் என்று தெரிந்துவிடும் அண்ணே” என்றும் சேர்த்துச் சொன்னான்.

அவனுக்கு நான் உடனே விடை கூறவில்லை. சனிக்கிழமை வரும்படி சொல்லி அனுப்பினேன். அவன் கேட்ட பணத்தைவிட அவன் சொன்ன காரணமே என் மனத்தை வருத்தியது. அவ்வருத்தத்துக்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியில் உரைப்பேன்.

வேடம் கேட்கச் செல்பவன் எதை உடுத்திச் செல்ல வேண்டும்? கேள்வி சிறிது. ஆயினும் இதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. நாடகம் என்னும் கலை உடையோடு எவ்வாறு உறவு கொண்டிருந்தது, நடிகனைத் தேர்ந்தவர்கள் அவனிடம் எதைக் கண்டு தேர்ந்தார்கள் என்பவற்றை அறிந்தாலன்றி இக்கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. அவ்வரலாற்றை என் அறிவுக்கு எட்டிய அளவில் வாசகர்கள்முன் வைக்கின்றேன்.

புகார் நகரில் ஒரு தேர்வு

தமிழில் நாம் அறிந்த நடிப்புத் தேர்வுகளுள் மிகப் பழையது மாதவியினுடையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வெறும் வருணனை என்று எண்ணிப் படிப்பவர் பலர். உண்மையில் அஃது ஒரு தேர்வின் வரலாறு. ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் ஆடிக் காட்டுகிறாள் அச்சிறுமி. தேர்ச்சி பெற்றதற்கு அடையாளமாகத் தலைக்கோலும், பரிசாக ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோர் இலக்கணங்களை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றார். எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கை அளந்து காட்டுகின்றார். மூவகைத் திரைகளையும் கூறுகின்றார். ஆனால் மாதவி அன்று உடுத்த ஆடையைப் பற்றி அவர் நீட்டிப் பேசவில்லை. அவளுடைய அணிகலன்களை அவர் தலைமுதல் கால்வரை எண்ணிச் சொல்லும் இடம் வேறு. பின்னர்க் கடலாடு காதையில், கோவலனின் ஊடலைத் தீர்க்க அவள் ஒப்பனை செய்துகொள்ளும் பொழுதே அவ்விரிவு வருகின்றது. தேர்வு நாளில் கவனம் பயிற்சியின்மேல் இருந்தது. அணிகலன் பேச்சு இல்லறச் சூழலில் வந்தது.

அதே கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்கள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் கடையம் என்பது இந்திராணி உழத்தி கோலங்கொண்டு ஆடியது. பேடு என்பது காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடியது. தேவர் தலைவி உழவர் மகளாகவும், ஆண் பெண் தன்மையனாகவும் மாறுவதற்குத் தமிழரங்கு பழங்காலத்திலேயே இடங்கொடுத்தது. ஒருவர் தம் பிறப்புக்கு உரியதல்லாத உடையை ஊரறிய உடுக்கும் உரிமை கூத்தில் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

கட்டையும் தீவட்டியும்

தெருக்கூத்தில் அரசன் வேடம் புனைவோன் மரத்தால் ஆன கிரீடமும், புஜக்கட்டைகளும், மார்புப் பதக்கமும் அணிவான். அவற்றில் வண்ணம் தீட்டிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். இதனாலேயே அவ்வேடங்களுக்குக் கட்டை வேடம் என்று பெயர். மின்விளக்கு இல்லாத காலத்தில் தீவட்டி வெளிச்சத்தை வாங்கித் தொலைவில் உள்ளோர் கண்ணுக்கு எட்டச் செய்தவை அச்சில்லுகளே. பகலில் நகைப்புக்கிடமான ஆடம்பரமாகத் தோன்றுவது, இரவில் ஆயிரம் பேருக்கு அரசனைக் காட்டும் கருவியாகப் பயன்பட்டது.

இவ்வேடங்களைப் புனைந்தவர்கள் பல ஊர்களில் உழுதும் கூலி செய்தும் பிழைத்தவர்கள். இரவெல்லாம் துரியோதனனாக நின்றவன் விடிந்ததும் கோவணத்துடன் வயலில் இறங்கினான். அக்காலச் சமூகம் எளியோர் உடைமேல் செலுத்திய ஆட்சியை அறிந்தோர்க்கே இதன் பொருள் விளங்கும்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு ஜூலையில் வந்த அரசாணை அவர்கள் மார்பை மறைக்க இசைவு தந்தது. அப்பொழுதும் மேற்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையை விட்டு வைத்தது. அதற்கு எழுபதாண்டுகள் கழித்து, 1930இல், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, சட்டையோ கோட்டோ பனியனோ போடலாகாது, பெண்கள் இரவிக்கை அணியலாகாது, பொன் வெள்ளி நகை பூணலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது என்பன அவற்றுட் சில. மீறியவர்கள் குடிசைகளும் உடைமைகளும் இழந்தனர்.

நம்முடைய முன்னோர் பலர் இத்தகைய ஊர்களிலிருந்தே கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தனர். ஆதலால் ஒரு தமிழ் இளைஞன் தன் உடையை எண்ணிக் கூசுவதைக் கேட்கும்பொழுது, அக்கூச்சம் அவனோடு பிறந்ததன்று என்பதையும், அது தலைமுறை தலைமுறையாகப் பிறரால் ஊட்டப்பட்டது என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

சீமை நாடகத்தின் கதை

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என்னைப் போன்றோர் ஷேக்ஸ்பியரைப் பெருமையோடு பேசுவோம். அவர் காலத்து நடிகர் நிலையை மட்டும் பலர் அறியோம். அந்நாளைய இங்கிலாந்திலும் இன்ன தகுதியுடையோர் இன்ன துணியே உடுக்கலாம் என்ற சட்டங்கள் இருந்தன. 1604இல்தான் அவை நீக்கப்பட்டன. பட்டும் வெல்வெட்டும் பெருமக்களுக்கு உரியவை. அங்ஙனமாயின் மேடையில் அரசனாக வந்த எளிய நடிகனுக்கு அவை எவ்வாறு கிடைத்தன? 1599இல் இலண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்னும் சுவிட்சர்லாந்துப் பயணி இதனைக் குறித்து வைத்துள்ளார். பிரபுக்கள் இறக்கும்பொழுது தம் உடைகளை வேலையாட்களுக்கு விட்டுச் செல்வர். வேலையாட்கள் அவற்றை உடுத்தல் தகாது. ஆதலால் நடிகர்களுக்குச் சிறு விலைக்கு விற்றுவிடுவர்.

நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் இன்றும் உள்ளது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அதில் ஓர் ஈடுபாடு உண்டு. 1603இல் தாமஸ் ஹேவுட் எழுதிய நாடகம் ஒன்றுக்கு அவருக்குக் கொடுத்தது 6 பவுன். அந்நாடகத் தலைவியின் கறுப்பு வெல்வெட் அங்கிக்கு ஆன செலவு 6 பவுன் 13 ஷில்லிங். எழுதியவன் அறிவைவிடத் தலைவியின் அங்கி விலை உயர்ந்தது! அவ்வங்கியை உடுத்தியவளும் பெண்ணல்லள். அவ்வேடம் சிறுவனுக்கு உரியது. 1660இல்தான் இங்கிலாந்தின் பொது மேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கினர். ஆகவே உடையில் ஏமாறுவதும், பெண்ணை மேடைக்கு வெளியே நிறுத்துவதும் நமக்கு மட்டும் உரிய குறைகள் அல்ல.

பாலர் கம்பெனிகள்

தமிழ் நாடகம் தெருவிலிருந்து கொட்டகைக்குள் புகுந்தபொழுது இருவகை நடிகர்கள் தோன்றினர். ஒருவகையினர் கற்றறிந்த கனவான்கள். பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டத்தைச் சென்னையில் கண்டு ஊக்கங்கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியான அவர் தாமே வேடம் புனைந்தார். அவருக்கு இணையாகப் பெண் வேடம் தாங்கியவர் ரங்கவடிவேலு என்னும் நண்பர். கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலுக்குச் சமூகத்தில் மதிப்புத் தேடித் தந்தவர்கள் இவர்கள். இவர்கள் நல்ல உடையோடு வந்து, வேடத்துக்காக அதைக் களைந்தவர்கள்.

மற்றொரு வகையினர் நல்ல உடை இல்லாமலே வந்தவர்கள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வாண்டில் அதில் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் பின்னாளில் ஔவை சண்முகம் என்று புகழ்பெற்றார். இத்தகைய பாலர் கம்பெனிகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெரும்பாலும் வறிய பெற்றோர். இரண்டு வேளைச் சோறு கிடைக்கும் என்பதே பலருக்குப் பெரிய காரணம்.

அங்கே நடந்த தேர்வு எத்தகையது? வாத்தியார் பிள்ளையைப் பாடச் சொல்வார். குரல் எட்டுகிறதா, சுருதி சேருகிறதா, சொல் தெளிவாக வருகிறதா, ஒருமுறை சொன்னதை மறவாமல் திருப்பிச் சொல்கிறானா என்று பார்ப்பார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும். ஆகவே செவியே முதல் நீதிபதி. முகக்களை அடுத்தபடி. பையன் உடுத்தி வந்த கந்தலைப் பற்றி யாருக்குக் கவலை? உடுத்துவது, ஊட்டுவது, சரிகைச் சட்டை தைப்பது, டோபா வைப்பது, முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசுவது எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. ராஜபார்ட்டா, ஸ்திரீபார்ட்டா, கள்ளபார்ட்டா, பபூனா என்று முடிவு செய்வதும் வாத்தியாரே.

பிற்காலத்தில் சிவாஜி கணேசன் என்று உலகறிந்தவர் கம்பெனியில் சேர்ந்த கதையும் இதற்குச் சான்று. திருச்சியில் சிறுவனாக இருந்தபொழுது, வீட்டாரிடம் சொல்லாமல், தாம் ஓர் அனாதை என்று பொய் கூறி நாடகக் கம்பெனியை நாடியதாக அவர் தம் வரலாற்றில் கூறியுள்ளார். பாடு என்றார்கள், பாடினார், சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் கிடைத்த பெயர் சொல்லும் வேடம் சீதை! பெண்ணுடையில் பழகிய அதே நடிகர், அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் சத்திரபதி சிவாஜியின் உடையைத் தரித்தார். அதைக் கண்ட பெரியார் சூட்டிய பெயரே அவருக்கு வாழ்நாள் பெயராயிற்று. இராமதாசர் நாடகத்தில் நவாபாக நடித்த இராஜமாணிக்கமும் நவாப் இராஜமாணிக்கம் என்றே வழங்கப்பெற்றார். இவர்களுக்குப் பேர் தந்த உடைகள் வேடத்துக்காகப் பின்னர் உடுத்தியவை. வாயிலில் நின்று வேடம் கேட்டபொழுது அவை அவர்களிடம் இல்லை.

இம்முறையின் கொடுமையையும் மறைத்தல் கூடாது. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் நிலை தடுமாறிவிடும். நேற்றுவரை அயன் ஸ்திரீபார்ட்டாகக் கொண்டாடப்பட்டவன் இன்று திரை இழுக்கப் போவதுண்டு. பள்ளிக் கல்வியும் இல்லை. வேறு தொழிலும் தெரியாது. செவி தேர்ந்தெடுத்தவனைச் செவியே கைவிட்டது.

வேடத்தின் வன்மை எத்தகையது என்பதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் வாழ்வில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இளமையில் அவர் எமன், சனீசுவரன், இராவணன் முதலிய அச்சந்தரும் வேடங்களைப் புனைந்து வந்தார். இரவு முழுதும் நடித்து, வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றபோது, அவருடைய கோலத்தை எதிரே கண்ட பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர் நீத்தாள் என்பர். அதனால் நெஞ்சுடைந்து வேடம் புனைவதையே விட்டு ஆசிரியராக மாறினார் என்று அவர் வரலாற்றை உரைப்போர் கூறுவர். மேடைக்குரிய உடை மேடைக்கு வெளியே எத்துணைத் தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

பெண்களும் வெண்ணிற ஆடையும்

ஆண்கள் பெண்ணுடை தரித்துப் புகழ்பெற்ற மேடையில் பெண்கள் இடம்பெறுவது எளிதாக இருக்கவில்லை. கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள் வறுமையால் சிறு பெண்ணாக இரயிலில் பாடிக்கொண்டு சென்றபொழுது, நாடக ஆர்வலரும் இரயில்வே அதிகாரியுமான எஃப். ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு மேடைக்கு வழிகாட்டினார் என்று கூறுவர். அவ்வாறாயின் அதுவும் ஒரு தேர்வே. பிச்சைக்காகப் பாடிய குழந்தையின் கிழிசல் பாவாடை அத்தேர்வுக்குத் தடையாகவில்லை.

1933இல் கணவர் கிட்டப்பா இளம் வயதில் மறைந்தபின், சுந்தராம்பாள் வண்ணச் சேலையையும் நகைகளையும் துறந்து வெண்ணிறக் கதராடையை மேற்கொண்டார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அவருக்கு ஓரிலட்சம் ரூபாய் ஊதியமாகக் கொடுத்தனர். அந்நாளில் எந்த நடிகரும் கனவு காணாத தொகை அது. அவர் தாங்கிய வேடமோ, கோயிலுக்குள் புக உரிமையற்ற பண்ணையாள் ஒருவனுடையது. அதுவும் ஆண் வேடம். இலட்ச ரூபாய் நடிகை ஏழைப் பண்ணையாளின் கந்தையை உடுத்தார். அதனால் அவர் மதிப்புக் குறைந்ததா?

நம் நாட்டில்

இனி இந்நாட்டுக்கு வருவோம். பங்சவான் என்னும் மலாய் நாடகம் பிறந்த கதையே உடையோடு தொடர்புடையது. 1870களில் இந்தியாவிலிருந்து பினாங்குக்குப் பார்சி நாடகக் குழுவினர் வந்து ஆடினர். மக்கள் அதனை வாயாங் பார்சி என்று வழங்கினர். அக்குழு கலைந்தபொழுது அதன் உடைகளையும் திரைகளையும் வாங்கி, 1885இல் இந்திரா பங்சவான் என்னும் குழுவைப் பினாங்கில் அமைத்தவர் புஷி என்னும் இந்திய முஸ்லிம். ஒருவர் களைந்த உடையிலிருந்து மற்றோர் இனத்தாரின் கலை கிளைத்து வளர்ந்தது.

தோட்டங்களில் நம்மவர் ஆடிய காமன் கூத்துக்குப் பார்சிப் பட்டும் இல்லை, கம்பெனிச் சரிகையும் இல்லை. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். காமன் கூத்தில் இரதியாக வேடமிட்டவர். பாட்டியின் கூறைப் புடவையே அவருக்கு இரதியின் பட்டு. ஜிகினாத் தாளை வெட்டி ஒட்டி ஒட்டியாணம் செய்தார்களாம். இரவெல்லாம் ஆடிவிட்டு, முகத்தில் முத்துவெள்ளை முற்றும் கலையாமலே விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றதைப் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். “இரதி அம்மாளுக்கு இன்றைக்கு எத்தனை மரம்?” என்று கங்காணி கேலி செய்தாராம். அன்றைக்கும் அவர் குறையாமல் மரம் வெட்டிப் பால் எடுத்து வந்தார் என்று முடிக்கும்பொழுது பாட்டியின் முகத்தில் பெருமை தெரியும்.

இந்நாட்டின் பெருநடிகர் பி. ரம்லியின் தொடக்கமும் செவியால் அமைந்ததே. 1948இல் புக்கிட் மெர்த்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். முதற்படமான சிந்தாவில் அவருக்குக் கிடைத்தவை பின்னணிப் பாட்டும் தீயவன் வேடமுமே. தலைவன் வேடம் 1950இல் பக்தி என்ற படத்தில் வந்தது. அதனை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். தலைவனுக்கு உரிய தோற்றம் இதுதான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டாத ஒருவர் இருந்ததனால் நாட்டுக்கு ஒரு கலைஞர் கிடைத்தார்.

படப்பெட்டி வந்தபின்

1931இல் காளிதாஸ் படத்தோடு தமிழ்ப் பேசும்படம் வந்தது. அன்றுமுதல் தேர்வின் இயல்பே மாறலாயிற்று. செவி இருந்த நாற்காலியில் கண் வந்து உட்கார்ந்தது. கொட்டகையில் ஐம்பது அடிக்கு அப்பால் மறைந்திருந்த முகப்பரு வெண்திரையில் உள்ளங்கை அளவாகத் தெரிந்தது. நிழற்படம் அனுப்பு என்றார்கள்; நடந்து காட்டு, திரும்பி நில் என்றார்கள். ‘எதை உடுத்திப் போவது’ என்ற கவலை வேடம் நாடுவோர்க்குப் பெரிதானது இதன் பின்னரே.

கண்ணின் தீர்ப்பும் தவறுவதுண்டு. 1952இல் வெளிவந்த பராசக்திக்குக் கணேசன் மெலிந்தவர், படத்துக்குப் பொருந்தார் என்று கூறியவர் உண்டு. தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் விடாப்பிடியாக நின்றதனாலேயே அவர் நிலைத்தார். வெளிவந்தபின் மக்கள் தீர்ப்பு என்னவாயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்றும் கருதத் தக்கது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் தோன்றிய சதி லீலாவதி 1936இல் வந்தது. அதில் அவருக்குக் கிடைத்தது காவல் ஆய்வாளர் வேடம். அக்கதையின் தலைவனோ ஊரைவிட்டு ஓடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைக்கிறான். தோட்டத் தொழிலாளியின் உடை தமிழ்த் திரையில் தலைவனுக்கே உரியதாக அந்நாளிலேயே வந்துவிட்டது. எம். ஆர். இராதாவின் இரத்தக்கண்ணீர் 1954இல் படமாயிற்று. அதில் சீமைக் கோட்டணிந்து செருக்கோடு திரிபவனும், பின்னர்க் கந்தையுடுத்துத் தெருவில் தடுமாறுபவனும் ஒருவனே. உடையை மட்டும் நம்பி மனிதனை மதிப்போரை அக்கதை நன்றாகவே நகையாடியது.

என் கதை

இப்பொழுது நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகின்றேன். இருபது வயதில் நானும் ஒரு நாடகக் குழுவுக்கு வேடம் கேட்டுச் சென்றவன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு அதிகம். நண்பன் ஒருவனிடம் கோட்டும் கழுத்துப்பட்டையும் இரவல் வாங்கி அணிந்தேன். கோட்டின் கை இரண்டங்குலம் நீளம். அதை மறைக்கவே என் கவனமெல்லாம் சென்றது.

இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தேடியது பழைய காலத்துப் பால்மரத் தொழிலாளி வேடத்துக்கு ஓர் ஆள். “தம்பி தோட்டத்திலே பிறந்தவர்தானே? மரம் வெட்டப் போகிறவர் விடியற்காலையில் தலைத்துண்டு கட்டுகிற மாதிரி கட்டிக் காட்டுங்கள்” என்று ஒரு துண்டை நீட்டினார். மரம் வெட்டியவரின் பேரனாகிய எனக்கு அத்துண்டைக் கட்டத் தெரியவில்லை. இரண்டு முறை சுற்றினேன். இரண்டு முறையும் அவிழ்ந்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாத்தா தினமும் கட்டிய துண்டை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்க வெட்கப்பட்டேன் என்பதே உண்மை. கோட்டு எனக்கு வேடம் வாங்கித் தரவில்லை. என்னிடம் இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதை அது பலரறியக் காட்டியது.

சனிக்கிழமை அவ்விளைஞன் வந்தான். கடன் கொடுக்க எனக்கு மனமும் இருந்தது, பணமும் இருந்தது. ஆயினும் கோட்டுக்குக் கொடுக்க மறுத்தேன். போக வரப் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒருநாள் உணவுக்கும் ஆகும் தொகையைக் கையில் வைத்து, திருப்பித் தர வேண்டாம் என்றேன். பிறகு நான் அறிந்ததைச் சொன்னேன்.

துவைத்துத் தேய்த்த, உடம்புக்கு அளவான சட்டை போதும். ஒரே நிறமாக இருக்கட்டும். படப்பெட்டி முன் பளிச்சென்ற வெள்ளை விளக்கொளியில் கண்கூசும், முகத்தை மங்கச் செய்யும். நெருங்கிய சிறு கோடுகள் படத்தில் நெளியும். பெரிய எழுத்துகளும் படங்களும் பார்ப்பவர் கண்ணை முகத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். குனிந்து நிமிரவும் தரையில் உட்காரவும் இடந்தரும் காற்சட்டை வேண்டும். வேடத்துக்குரிய முழுக் கோலத்தோடு போக வேண்டா. அதனை ஆக்கித் தருவது அவர்கள் வேலை. ஆனால் வேடம் இன்னதென்று முன்னரே தெரிந்தால், அதன் சாயலுக்கு மாறுபடாத உடையாக இருத்தல் நலம். இரவல் உடை வேண்டவே வேண்டா. நடிக்க வேண்டிய மனம் கைந்நீளத்தை மறைப்பதில் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல் தெளிவாக இருக்கட்டும் என்றேன். செவி தன் நாற்காலியை இழந்ததேயன்றி அவையைவிட்டு வெளியேறிவிடவில்லை.

அவன் தயங்கி நின்றான். “தோட்டத்துப் பையன் என்று கண்டுகொண்டால்?” என்றான். “கண்டுகொள்ளட்டுமே. உன் அப்பா தலையில் துண்டு கட்டுவதை எப்போதாவது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். “பார்க்காமல் என்ன? எனக்கும் கட்டத் தெரியுமே” என்று அலுவலக மேசைமேல் கிடந்த துடைக்கும் துண்டை எடுத்து ஒரே சுற்றில் கட்டி நின்றான். அவிழவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

அவன் போய் வந்துவிட்டான். முடிவு இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவன் தந்தை ஒரு கோட்டின் கடனைச் சுமக்கவில்லை என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

வாசகர்களே! நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் நாடக மன்றம் நடத்துவோர்க்கு என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையின் காலணியை முதலில் பார்க்காதீர்கள். பாடச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். இராமநாதபுரத்தில் நம்மவர் சட்டை அணியலாகாது என்று தடுத்தவர்கள் உடையைக் கொண்டு மனிதனை அளந்தார்கள். நல்ல சட்டை இல்லை என்று ஒருவனைத் திருப்பி அனுப்புவோரும் அதே அளவுகோலையே கையில் வைத்திருக்கிறார்கள்.

வேடம் கேட்கப் புறப்படும் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் ஒரு சொல். தூய்மையாக உடுத்துங்கள், உங்கள் வரவுக்கு ஏற்ப உடுத்துங்கள், பெற்றோரின் உழைப்பை மறைப்பதற்காக உடுத்தாதீர்கள். அவர்கள் நடை, பேச்சு, கையசைவு, தலைத்துண்டு ஆகியவற்றை இன்றே உற்றுக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத அச்செல்வம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றது.